முதல் ஆய்வுக்கட்டுரை அனுப்புகிறீர்களா? பெயர்ப் பட்டியலும் காப்பிரைட் படிவமும்

ஆய்வு முடிந்தது, கட்டுரையும் எழுதியாயிற்று. ஆய்விதழின் தளத்தில் ஏற்ற உட்கார்ந்தால் தொடக்கத்திலேயே ஆசிரியர்களின் பெயர்களைக் கேட்கும். கட்டுரை ஏற்கப்பட்டபின் ஒருநாள் காப்பிரைட் (பதிப்புரிமை) படிவம் மின்னஞ்சலில் வந்து சேரும். பிஎச்.டி. மாணவர்கள் பலர் இந்த இரண்டு இடங்களையும் யோசிக்காமல் கடந்துவிடுகிறார்கள். முதலாவதில் கைடு சொன்ன பெயர்களை அப்படியே தட்டச்சு செய்கிறார்கள், இரண்டாவதில் சம்மதம் என்ற பெட்டியில் டிக் அடிக்கிறார்கள். ஆனால் உங்கள் உழைப்பு யார் பெயரில் நிற்கும், அதை வைத்து நாளை நீங்கள் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்பதெல்லாம் முடிவாவது அங்கேதான். பிறகு மாற்றுவது மிகக் கடினம். ஆகவே முன்கூட்டியே செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எழுதத் தொடங்கும் முன்பே பெயர்களைப் பேசுங்கள்

யார் ஆசிரியர் என்பதற்கு உலகம் முழுக்க அதிகம் பின்பற்றப்படும் வரையறை, மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்தது. 1978-இல் வான்கூவரில் கூடியதால் 'வான்கூவர் குழு' என்று பெயர் பெற்றது. மருத்துவத்துக்கு வெளியிலும் பல துறைகள் இதையே அளவுகோலாக வைத்திருக்கின்றன. அது நான்கு நிபந்தனைகளைச் சொல்கிறது. ஆய்வின் கருத்திலோ வடிவமைப்பிலோ, தரவைத் திரட்டியதிலோ, அதை அலசிப் பொருள் கண்டதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது அறிவார்ந்த முறையில் திருத்தியிருக்க வேண்டும். வெளியாகும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் அது முறையாக விசாரிக்கப்பட்டுத் தீர்க்கப்பட, பொறுப்பேற்கச் சம்மதித்திருக்க வேண்டும். இந்த நான்காவது நிபந்தனை 2013-இல் சேர்ந்தது. நான்கில் ஏதோ ஒன்று இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை, நான்கும் வேண்டும்.

இதன்படி பார்த்தால், நிதி வாங்கித் தந்தது மட்டுமே ஒருவரை ஆசிரியராக்காது. துறைத் தலைவராக இருப்பது ஆக்காது. ஆய்வகத்தில் இடமும் கருவியும் கொடுத்தது, பொதுவாக மேற்பார்வை பார்த்தது, ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தது, இவை எதுவும் தனியாக நின்று ஆசிரியத்துவம் தராது. இவர்களுக்கெல்லாம் நன்றியுரையில் இடம் உண்டு. நன்றியுரையில் பெயர் போடவும் அவர்களிடம் சம்மதம் வாங்கிக்கொள்வது நல்லது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விடுபடும் பெயர்கள் பெரும்பாலும் கீழ்நிலையில் இருப்பவர்களுடையவை. எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக வந்து ஆறு மாதம் பரிசோதனை செய்து தரவு எடுத்துக் கொடுத்த மாணவி, படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டார் என்பதற்காகப் பட்டியலிலிருந்து காணாமல் போவது நடக்கிறது. "அவர் கட்டுரை எழுதவில்லையே, இரண்டாவது நிபந்தனை பொருந்தவில்லையே" என்று சமாதானமும் சொல்லப்படுகிறது. அதே வழிகாட்டுதல் இதற்கு இடம் கொடுக்கவில்லை. முதல் நிபந்தனையை நிறைவு செய்த எல்லோருக்கும், வரைவைப் படித்துத் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்பு கொடுத்தாக வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. வரைவை அனுப்பாமலே இருந்துவிட்டு, படிக்கவில்லை என்று ஒருவரை நீக்குவது தவறு.

மரியாதைக்காகப் பெரியவர் பெயரைச் சேர்த்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு 1948-இல் நடந்ததைச் சொல்வேன். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் தனிமங்கள் எப்படி உருவாயின என்பதைப் பற்றி ரால்ஃப் ஆல்ஃபர் என்ற மாணவர் தன் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்தார். அவருடைய நெறியாளர் ஜார்ஜ் காமாவ், ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஒலிக்க வேண்டும் என்பதற்காக, அந்த வேலையில் பங்கே இல்லாத இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தேயின் பெயரை நடுவில் சேர்த்து ஃபிசிக்கல் ரிவியூ இதழுக்கு அனுப்பினார். பெத்தே அப்போதே பெரிய பெயர். இரண்டு ஜாம்பவான்களுக்கு நடுவே மாணவரின் பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போனது. அந்த வருத்தம் ஆல்ஃபருக்குக் கடைசிவரை இருந்தது. சேர்க்கப்பட்ட ஒவ்வொரு பெயரும் உண்மையில் உழைத்தவரின் பங்கிலிருந்துதான் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.

பெயர்களின் வரிசை துறைக்குத் துறை மாறும். உயிரியலிலும் மருத்துவத்திலும் முதல் பெயர் அதிகம் வேலை செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வுக்குழுவின் தலைவர். கணிதத்தில் அகரவரிசைதான் வழக்கம். துகள் இயற்பியலில் 2015-இல் அட்லஸ், சி.எம்.எஸ். குழுக்கள் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் 5,154 பெயர்கள் இருந்தன. உங்கள் துறையின் முக்கியமான இதழ்களில் அண்மைக் கட்டுரைகள் சிலவற்றைத் திறந்து பார்த்தாலே வழக்கம் புரிந்துவிடும். இருவர் சமமாக உழைத்திருந்தால் 'சம பங்களிப்பு' என்ற குறிப்பைப் பெரும்பாலான இதழ்கள் அனுமதிக்கும்.

நேரில் பேசி முடித்ததை அன்றே எழுத்தில் பதிவு செய்யுங்கள். கைடிடம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. கேள்வியாக வைக்காமல், பேசியதன் குறிப்பாக அனுப்பினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். இன்று பேசியபடி நிலத்தடி நீர்க் கட்டுரைக்கான பெயர் வரிசை: முதலில் நான், அடுத்து கவிதா, கடைசியில் நீங்கள். கரஸ்பாண்டிங் ஆத்தரும் நீங்கள். கவிதா ஃபுளோரைடு பரிசோதனைகளும் புள்ளியியலும் செய்ததால் அந்தப் பகுதியின் வரைவை அவருக்கும் அனுப்புகிறேன். மாதிரி எடுக்க உதவிய ஊர்க்காரர்களுக்கும் லேப் அசிஸ்டென்ட் அண்ணனுக்கும் நன்றியுரையில் குறிப்பு. ரிவியூவில் புதிய பரிசோதனை கேட்டால் வரிசையை மறுபடி பேசிக்கொள்ளலாம். மாற்றம் ஏதும் இருந்தால் சொல்லுங்கள் சார்."

கரஸ்பாண்டிங் ஆத்தர் என்றால் இதழோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்பவர். கவிதாவையும் நகலில் சேர்த்து அனுப்புங்கள். பின்னாளில் பிரச்சினை வந்தால் இந்த ஒரு மின்னஞ்சல் பெரிய துணை.

இப்போது பல இதழ்கள் யார் என்ன செய்தார் என்பதையும் தனியாகக் கேட்கின்றன. 'கிரெடிட்' என்ற வகைப்பாட்டில் கருத்துருவாக்கம், ஆய்வுமுறை, மென்பொருள், தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு எழுதுதல் என்று 14 பங்குகள் உள்ளன. அதில் நிதி திரட்டலும் ஒன்று. அதனால் நிதி வாங்கியவர் தானாக ஆசிரியராகிவிடுவார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் ஆசிரியர் யார் என்று முடிவு செய்ய வேண்டும், அதன்பிறகுதான் அவர்களின் பங்கைப் பட்டியலிட வேண்டும்.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆசிரியராகப் போட முடியாது. எழுதியதற்குப் பொறுப்பேற்க அவற்றால் இயலாது என்பதே காரணம். வெளியீட்டு நெறிமுறைகளுக்கான 'கோப்' அமைப்பும் வான்கூவர் குழுவும் 2023-இல் இதைத் தெளிவாக அறிவித்துவிட்டன. பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று கட்டுரையில் சொல்லிவிடுங்கள்.

படி 2: உங்கள் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள்

இன்ஷியல் வைத்துப் பெயர் எழுதும் நம்மைப் போன்றவர்களுக்கு இது தனிப் பிரச்சினை. இதழின் தளம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டும். முத்துலட்சுமியின் அப்பா பெயர் கருப்பசாமி என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் இருக்கிறதே என்று குடும்பப்பெயர் கட்டத்தில் 'கருப்பசாமி' என்று நிரப்பினால், உலகம் முழுக்க அந்தக் கட்டுரை 'கருப்பசாமி மு.' என்றே மேற்கோள் காட்டப்படும். அடுத்த கட்டுரையில் முத்துலட்சுமி என்று மாற்றிப் போட்டால், ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்கள் அவரை இரண்டு ஆட்களாகப் பிரித்துவைக்கும். திருமணத்துக்குப் பிறகு இன்ஷியல் மாறினால் மூன்றாவது ஆள்.

என் பரிந்துரை: உங்கள் சொந்தப் பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்திலும், அப்பா அல்லது அம்மா பெயரை முதற்பெயர் கட்டத்திலும் இடுங்கள். அப்போது 'முத்துலட்சுமி க.' என்று நிற்கும், உங்கள் பெயராலேயே அறியப்படுவீர்கள். எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் உட்பட முதல் கட்டுரையிலிருந்தே அதை மாற்றாதீர்கள். கூடவே ஆர்கிட் எண் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 2012 முதல் இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க எண் இது. பெயர், கல்லூரி, இன்ஷியல் எது மாறினாலும் கட்டுரைகளை உங்களோடு இணைத்தே வைத்திருக்கும்.

படி 3: பிறருடைய படம், அட்டவணை, வினாநிரல்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். மூலத்தைக் குறிப்பிடுவது கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டிலிருந்து காப்பாற்றும். பதிப்புரிமைக்கு அனுமதி வேறு. வேறொரு கட்டுரையின் படத்தை அப்படியே எடுத்துப் போட்டு அடியில் பெயர் எழுதினாலும், உரிமை வைத்திருக்கும் பதிப்பகத்திடம் அனுமதி தேவைப்படலாம். பெரிய பதிப்பகங்களின் கட்டுரைப் பக்கத்திலேயே அனுமதி கேட்கும் சுட்டி இருக்கும். பட எண், எந்த இதழில் வரப்போகிறது, அச்சா இணையமா என்று நிரப்பினால் பல நேரம் உடனே பதில் வரும்.

பதிப்புரிமை காப்பது வெளிப்பாட்டை, தகவலை அன்று. ஒரு கட்டுரையில் உள்ள எண்களை எடுத்து நீங்களே புதிதாக வரைபடம் போடலாம், தரவின் மூலத்தைச் சொன்னால் போதும். அந்த வரைபடத்தையே நகலெடுத்து நிறம் மாற்றுவது அப்படியல்ல. சமூகவியல், உளவியல் மாணவர்கள் வினாநிரல்களையும் அளவுகோல்களையும் கவனிக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காகத் தமிழில் மொழிபெயர்த்துப் பயன்படுத்தக் கூடாது. அவற்றில் பல, பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டியவை.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கும் திறனாய்வுக்கும் நியாயமான அளவு எடுத்தாள அனுமதிக்கிறது. ஒரு கவிதையைத் திறனாய்வு செய்ய அதன் வரிகளை மேற்கோள் காட்டலாம். ஆனால் வெளிநாட்டு இதழ்கள் இதை வைத்துத் திருப்தியடைவதில்லை, படங்களுக்கு எழுத்துப்பூர்வ அனுமதியைக் கேட்பார்கள்.

ஒற்றுமை விழுக்காட்டைப் பற்றி, அதாவது உங்கள் எழுத்து ஏற்கெனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் அளவைப் பற்றி, ஒரு வார்த்தை. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. ஆய்வேட்டில் 10-க்கு மேல் 40 வரை இருந்தால் திருத்தித் தர வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகலாம். இதை இதழ்களுக்கான அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 9 விழுக்காடும் ஒரே கட்டுரையிலிருந்து தொடர்ச்சியாக வந்த பத்திகள் என்றால் எந்த நல்ல இதழும் திருப்பி அனுப்பும்.

படி 4: அனுப்பும்போது

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. மற்ற ஆசிரியர்களின் மின்னஞ்சல் முகவரிகளை உண்மையாகவே கொடுங்கள். பல இதழ்கள் ஒவ்வொருவருக்கும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் அனுப்பும். அனுப்பியபின் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமென்றால், காரணம் சொல்லி, நீக்கப்படுபவர் உட்பட எல்லோரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தையும் கேட்பார்கள். கட்டுரை ஏற்கப்படும் தறுவாயில் அறிமுகமில்லாத பெயர்கள் சேர்ந்தால் இதழ்கள் உடனே சந்தேகப்படும். பணத்துக்கு ஆசிரியர் இடத்தை விற்கும் கும்பல்கள் அப்படித்தான் செய்கின்றன. "இரண்டாம் ஆசிரியர் இடம் காலியாக உள்ளது" என்று வாட்ஸ்அப்பில் விலையோடு செய்தி வந்தால் பிளாக் செய்துவிடுங்கள். மாட்டினால் கட்டுரை திரும்பப் பெறப்படும், அந்த அறிவிப்பு உங்கள் பெயரோடு என்றைக்கும் இணையத்தில் இருக்கும்.

இதழைத் தேர்வதும் உரிமை சம்பந்தப்பட்டதுதான். தரமான இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டது, இனி நாமேதான் சோதித்துப் பார்க்க வேண்டும். திறந்த அணுக்க இதழ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியது) என்றால், அத்தகைய இதழ்களின் இணைய விவரத்தொகுப்பான டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணமே வாங்காத இதழ்களை அங்கே தனியாக வடிகட்டித் தேடலாம். கட்டணத்தை மறைத்தது, துறை வல்லுநர்களின் முறையான மதிப்பீடு நடப்பதாகப் பொய் சொன்னது ஆகியவற்றுக்காக ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டுமென்று 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய இதழ்களில் ஒருமுறை படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டால், கட்டுரையைத் திரும்ப எடுக்கவும் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

படி 5: காப்பிரைட் படிவத்தை வரி வரியாகப் படியுங்கள்

எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. இந்தியாவில் அது ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கச் சட்டப்படி 70 ஆண்டுகள். பலர் சேர்ந்து எழுதியது என்றால் உரிமையும் கூட்டு உரிமை. ஒருவர் மற்றவர்கள் சார்பில் கையெழுத்திடும் முன் எல்லோரிடமும் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு: சம்பள வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே என்கிறது இந்தியச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. ஆகவே அரசு ஆய்வகங்களிலும் நிறுவனங்களிலும் இருப்பவர்கள் தங்கள் அலுவலகத்தின் கொள்கையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும். படிவத்தில் இவர்களுக்குத் தனிப் பெட்டி இருப்பதும் உண்டு.

உங்களிடம் வரும் படிவம் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். முதல் வகையில் பதிப்புரிமை முழுவதையும் பதிப்பகத்துக்கு மாற்றிக் கொடுக்கிறீர்கள். கட்டுரை இனி அவர்களின் சொத்து. உங்கள் படத்தை உங்கள் அடுத்த புத்தகத்தில் போடவும் அவர்களின் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். இரண்டாம் வகையில் பதிப்புரிமை பெயரளவில் உங்களிடமே இருக்கும், ஆனால் வெளியிடும் தனியுரிமம் பதிப்பகத்துக்குப் போகும். நடைமுறையில் முதல் வகைக்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. 'காப்பிரைட்: ஆசிரியர்கள்' என்று அச்சாவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்றாம் வகையில் உரிமையை வைத்துக்கொண்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுகிறீர்கள்.

இந்தியச் சட்டம் நமக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. பெரிய பதிப்பகங்கள் உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் என்று எழுதியே அனுப்புவார்கள். சிறிய இதழ்களின் ஒரு பக்கப் படிவங்களில்தான் இது உதவும். எதை எழுதிக் கொடுத்தாலும், 57-ஆம் பிரிவின்படி நீங்கள்தான் எழுதினீர்கள் என்று உரிமை கோருவதும், உங்கள் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைப்பதை எதிர்ப்பதும் உங்களிடமே இருக்கும்.

படிவத்தில் முக்கியமாகத் தேட வேண்டியது, எந்த வடிவத்தை நீங்கள் எங்கே வைத்துக்கொள்ளலாம் என்ற பகுதி. கட்டுரைக்கு மூன்று வடிவங்கள் உண்டு: மதிப்பீட்டுக்கு முன் அனுப்பியது, மதிப்பீட்டுக்குப் பின் ஏற்கப்பட்ட உங்கள் வேர்டு கோப்பு, பதிப்பகம் வடிவமைத்து வெளியிட்ட பி.டி.எஃப். முதலாவதை, மதிப்பீட்டுக்கு முந்தைய கட்டுரைகளைப் பொதுவில் வைக்கும் ஆர்க்கைவ் போன்ற தளங்களில் வைக்கப் பெரும்பாலான இதழ்கள் அனுமதிக்கின்றன. இரண்டாவதைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கலாம், ஆனால் 12 மாதம், 24 மாதம் என்று காத்திருக்கச் சொல்வதுண்டு. மூன்றாவதை, கட்டுரை திறந்த அணுக்கத்தில் இல்லாவிட்டால், பொதுவெளியில் ஏற்ற அனுமதி கிடைப்பது அரிது. ஆய்வாளர்களின் சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் எல்லோரும் ஏற்றுகிறார்களே என்றால், அதற்காகத்தான் எல்சிவியர் பதிப்பகமும் அமெரிக்க வேதியியல் சங்கமும் அந்தத் தளத்தின்மீது வழக்குத் தொடுத்தன. உங்கள் இதழின் கொள்கையை ஓப்பன் பாலிசி ஃபைண்டர் (முன்பு ஷெர்பா ரோமியோ) என்ற இலவசச் சேவையில் பெயர் கொடுத்துத் தேடலாம்.

பிஎச்.டி. மாணவர்கள் இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். உங்கள் ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் பொதுவெளிக்கு வரும். கட்டுரையை ஆய்வேட்டில் சேர்க்கப் பெரும்பாலான பதிப்பகங்கள் இடம் கொடுக்கின்றன. அந்த வரி உங்கள் படிவத்தில் இல்லாவிட்டால், "இக்கட்டுரையை என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் சேர்க்கவும், அதைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கவும் எனக்கு உரிமை உண்டு" என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி இதழ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மாணவர் கேட்டால் ஒப்புக்கொள்வார்களா என்று தயங்க வேண்டாம், இது அவர்களுக்கு வழக்கமான கோரிக்கை.

கிரியேட்டிவ் காமன்ஸில் எதைத் தேர்வது? 'பி.ஒய்.' என்றால் பெயர் சொல்லி யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். 'என்.சி.' சேர்ந்தால் வணிகப் பயன்பாடு கூடாது, 'எஸ்.ஏ.' என்றால் மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். 'என்.டி.' இருந்தால் மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது. மொழிபெயர்ப்பும் அந்த மாற்றத்தில் அடங்கும். உங்கள் கட்டுரையை ஒரு ஆசிரியை தமிழில் பெயர்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்தாலும் என்.டி. குறுக்கே நிற்கும். அதனால் அறிவியல் கட்டுரைகளுக்கு நான் பி.ஒய். உரிமத்தையே சொல்வேன். நாட்டார் பாடல்கள், நேர்காணல்கள், மக்களின் படங்கள் உள்ள கட்டுரை என்றால், பாடியவர்களும் பேசியவர்களும் எதற்குச் சம்மதித்தார்கள் என்று பார்த்தபின் முடிவு செய்யுங்கள். ஒருமுறை கொடுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது.

படி 6: புரூஃபும் அதற்குப் பிறகும்

வெளியிடும் முன் சரிபார்க்க அனுப்பும் அச்சு வடிவமான புரூஃப் வந்தால் ஓரிரு நாளில் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். கட்டுரையைப் படிக்கும் முன் முதல் பக்கத்தைப் பாருங்கள்: பெயர்களின் எழுத்துக்கூட்டல், வரிசை, நிறுவனம், ஆர்கிட் எண்கள், சம பங்களிப்புக் குறிப்பு, அடியில் இருக்கும் பதிப்புரிமை வரி. நீங்கள் பி.ஒய். தேர்ந்திருக்க, அச்சில் வேறு உரிமம் வந்திருந்தால் அப்போதே சொல்லுங்கள். வெளியானபின் மாற்ற வேண்டுமானால் முறையான திருத்த அறிவிப்பு வெளியிட வேண்டியிருக்கும்.

கையெழுத்திட்ட படிவத்தின் நகல், ஏற்கப்பட்ட வேர்டு கோப்பு, படங்களுக்கான அனுமதிக் கடிதங்கள், பெயர் வரிசை பற்றிய அந்த மின்னஞ்சல், எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, கல்லூரி மின்னஞ்சலில் மட்டும் வைக்காமல் சொந்தக் கணக்கிலும் ஒரு பிரதி வையுங்கள். படிப்பு முடிந்தால் கல்லூரிக் கணக்கு மூடப்பட்டுவிடும். காத்திருப்புக் காலம் முடியும் தேதியைக் கைபேசி நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அன்று ஏற்கப்பட்ட கோப்பைக் களஞ்சியத்தில் ஏற்றிவிடலாம்.